உன் அமைதிக்கு நான் சொன்ன சாட்சி

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. கனம் குறையட்டும் என்று உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டேன். அடித்தட்டில், அம்மாவின் பழைய புடவைகளுக்குக் கீழே, ஒரு சின்னத் துண்டு கிடந்தது. நீலக் கட்டம் போட்டது. மேல் ஓரத்தில் ஊக்கு குத்திய இடத்தில் துரு வட்டமாகப் படிந்திருந்தது. அந்துருண்டை வாசனையைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை. இருந்தும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

அது உன் எச்சில் துண்டு. மூன்று வருஷம், தினமும் காலையில் உனக்குத் தலை வாரிவிட்டு, மார்பில் அதைக் குத்திவிட்டவள் நான். முப்பத்து நாலு வயசில் ஒருத்திக்கு ஏன் திடீரென்று எச்சில் வடிகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. துண்டு தேவைப்பட்டது, வாங்கினேன். அரை டஜன் வாங்கினேன். உன் உடுப்புகளுக்குப் பொருத்தமான நிறமாகப் பார்த்து வாங்கினேன்.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நானேதான் உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது பாதி வரிகளைத் தாண்டிப் போயிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். நீ போய்விட்ட பிறகு எழுதுவதால்தான் எதையும் தாண்டாமல் எழுத முடிகிறது.

நீ என்னைவிட ஆறு வயசு பெரியவள். நான் பி.எஸ்ஸி. முடித்து வேலைக்குப் போன பிறகும் நீ என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாய். 'வளர்ச்சியில்லாத பொண்ணு' என்று தெருவில் உன்னைச் சொல்வார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. "மெதுவா வளர்றா, உங்களுக்கு இன்னா அவசரம்?" என்று கேட்பார்.

இரண்டு வீடு தள்ளியிருந்த, தெருவுக்கே அக்காவான ஷமீம் ஆபா ஷூ கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக அப்பர்களைக் கொண்டுவந்து, தெருப் பெண்களுக்குப் பிசிறு நூல் வெட்டக் கொடுப்பார். ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்போம். உனக்கும் ஒரு கூடை வரும். சின்னக் கத்திரிக்கோலால் நூலை வெட்டி, விரலால் தடவிப் பார்த்து, இடது வலது சேர்த்து ஜோடியாக அடுக்குவாய். இரண்டு இடதை ஒன்றாக நீ சேர்த்து யாரும் பார்த்ததில்லை. வேலை செய்யும்போது பாட்டு. வார்த்தை பாதிதான் வரும், ராகம் தப்பாது.

கோயிலில் உன் ஆமென் பிரசித்தம். சபை மொத்தமும் சொல்லி முடித்து மூச்சு விட்ட பிறகு, உன்னுடையது தனியாக, பலமாக வரும். பின்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கும். "என் பொண்ணு சொன்னாத்தான் ஜெபம் முடியும்" என்பார் அப்பா.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்கு ஊரே வரும், நீ கத்தி ரகளை செய்தால் யார் பார்த்துக்கொள்வது என்று உன்னைப் பள்ளிகொண்டா சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்த உன்னிடம், "அப்பா வெளியூர் போய்ட்டாரு" என்றோம். நீ நம்பினாய். நம்பியதால்தான் காத்திருந்தாய்.

சாயங்காலம் ஷாப் சங்கு ஊதினால் பத்து நிமிஷத்தில் அப்பா சைக்கிளில் வந்துவிடுவார். அது உனக்குத் தெரியும். சங்கு ஊதும், நீ வாசலுக்கு ஓடுவாய். பத்து நிமிஷம் நிற்பாய். அவர் வரவில்லை என்றதும் அலறுவாய். உன் மணிக்கட்டை நீயே கடித்துக்கொள்வாய். தடுக்க வந்த அம்மாவை ஒருநாள் சொம்பால் அடித்துவிட்டாய். புருவத்தில் தையல் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் உன்னை வேலூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

அவர் நல்ல மனிதர், அக்கா. அவரைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து அவர் சொன்னதை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "கோபம் குறையும். ஆனா உடம்பு இறுகுதா, கை நடுங்குதா, எச்சில் வடியுதா, ஒரு இடத்துல உக்கார முடியாம தவிக்கிறாங்களான்னு பார்த்துட்டே இருக்கணும். இவங்களுக்குச் சொல்லத் தெரியாது. நீங்க படிச்சவங்க, நீங்கதான் எனக்குச் சொல்லணும்." நான் தலையாட்டினேன். 'படிச்சவங்க' என்ற சொல் மட்டும் காதில் இனித்தது.

மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் நீ நடக்க ஆரம்பித்தாய். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அங்கிருந்து இங்கே. உட்கார வைத்தால் ஒரு நிமிஷம். பிறகு எழுந்துவிடுவாய். நிற்கும்போதும் கால் மாற்றி மாற்றி வைப்பாய், சுடுமணலில் நிற்பவள் மாதிரி. சாப்பாட்டுத் தட்டோடு நடந்தாய். அடுத்த மாதம் டாக்டரிடம், "இன்னும் ஜாஸ்தியாய்டுச்சு சார், ஓயாம நடக்கறா" என்றேன்.

"கோபத்துல நடக்கறாங்களா, கால் தவிச்சு நடக்கறாங்களா?" என்று கேட்டார்.

நான் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ அவர் அறை வாசலில் கால் மாற்றிக்கொண்டு நின்றிருந்தாய். ஒருமுறை பார்த்திருந்தால் போதும். மூன்று வாரமாக வேலை, வீடு, அம்மா, நீ என்று அலைந்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. "கோபம்தான் சார்" என்றேன். மாத்திரை கூடியது.

அதன் பிறகு நீ அடங்கினாய்.

ஒரு சாயங்காலம் சங்கு ஊதியது, நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தரையில் முழங்கால் போட்டு அழுதாள். அம்மா அழுதது சந்தோஷத்தில். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் புருவத் தழும்பின் சிவப்பு அப்போது மாறியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று போதகர் ஐயா கேட்டார். கர்த்தர் தங்கள் வீட்டில் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வது நம் சபை வழக்கம். அம்மாவுக்குச் சபையில் பேசக் கூச்சம். என் முழங்கையை இடித்தாள். நான் எழுந்தேன். புயலை அடக்கியவர் என் அக்காவையும் அடக்கினார் என்று ஆரம்பித்தேன். நீ கடித்த மணிக்கட்டு, அம்மாவின் தையல், எங்கள் உபவாச ஜெபம், பிறகு சங்கு ஊதியும் நீ அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ கையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாய். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் எதையோ உருட்டுவது போல ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டிருந்தன. அதை நான் பார்த்தேன். பேசிக்கொண்டே பார்த்தேன்.

மாத்திரை என்ற சொல்லை அன்று நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைத்தேனா? தெரியவில்லை. சொல்லியிருந்தால் சாட்சி சாதாரணமாகப் போயிருக்கும். வெளியே வந்ததும் ஐயா என் தலைமேல் கை வைத்து, "படிச்ச பொண்ணு, எவ்வளவு தெளிவா சொல்லிட்டா" என்றார். அந்த வாரம் முழுக்க என்னை வழியில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சாட்சிதான் என் கண்ணைக் கட்டியது. சபை முன்னால் உன்னைக் குணமானவள் என்று சொல்லிவிட்ட பிறகு, உனக்கு வந்த ஒவ்வொரு கோளாறுக்கும் நான் வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. எச்சில் வடிந்தால் கவனக்குறைவு. காலைத் தேய்த்து நடந்தால் சோம்பல். ஸ்பூன் நழுவினால் வேண்டுமென்று. பேச்சு குறைந்தால் அடக்கம். டாக்டரைப் பார்க்க நான் மட்டும் போக ஆரம்பித்தேன். "அக்காவை அழைச்சிட்டு வரலியா?" என்று இரண்டு முறை கேட்டார். "பஸ்ல கஷ்டம் சார். ரொம்ப நல்லா இருக்கா, அமைதியா இருக்கா" என்றேன். பிறகு நானும் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் ஷூ கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு ஜோடியையும் புரட்டிப் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு தையல் தாண்டியிருந்தால் இரண்டடி தூரத்திலேயே எனக்குத் தெரியும். தோலில் நகக்கீறல் அளவு குறை இருந்தாலும் விடமாட்டேன். "மேடம் கண்ணுக்குத் தப்பி ஒண்ணு போகாது" என்று சூப்பர்வைசர் சொல்வார். எட்டு மணி நேரம் அந்தக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, உனக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன்.

முதலில் பார்த்தது ஷமீம் ஆபாதான். ஒருநாள் உன் கூடையோடு வந்து, அம்மா இல்லாத நேரம் பார்த்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"கோச்சுக்காதம்மா. உங்க அக்கா நடக்கறத பாத்தியா?"

"இன்னா ஆபா?"

"எங்க மாமனார் மாதிரியே நடக்கறா. காலத் தூக்காம, தேச்சுத் தேச்சு. கையும் வீசல. அவருக்கு நடுக்க நோவு, எழுபத்தஞ்சு வயசு. இவளுக்கு இன்னா வயசு ஆவுது?"

"முன்ன ஆட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு ஆபா. இப்ப கர்த்தர் கிருபையில அடங்கிட்டா."

"கிருபை நல்லதுதான். ஆனா கத்திரிக்கோல் கையில நிக்க மாட்டேங்குதேம்மா. பாட்டும் காணோம். எதுக்கும் டாக்டராண்ட ஒரு வார்த்தை கேளு."

எனக்குச் சுருக்கென்றது. "வேலை சரியில்லன்னா நேரா சொல்லிடுங்க ஆபா. நாளையிலேர்ந்து பீஸ் குடுக்க வேணாம்" என்றேன்.

"அட அல்லா, நான் வேலையப் பத்தியா பேசறேன்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூடையை எடுத்துப் போகவில்லை. அதில் தோல் வெட்டுப்பட்ட அப்பர்கள் மூன்று இருந்தன. நம் சபையும் இல்லை, படிப்பும் இல்லை, இவருக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அதற்கும் ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தச் சனிக்கிழமை. சபைப் பெண்கள் நாலைந்து பேர் ஜெபத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குணமான பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று புதிதாக ஒரு அம்மாவும் கூட வந்திருந்தார். உனக்கு நல்ல புடவை கட்டி, அதன் நிறத்தில் துண்டு குத்தி, அவர் எதிரில் உட்கார வைத்தேன். ஜெபம் தொடங்கும் முன்பே உன் நாக்கு வெளியே வந்தது. சுழன்று உள்ளே போனது. உதடு எதையோ மெல்வது போல அசைந்தது. திரும்பவும் நாக்கு.

"இன்னாம்மா, உங்க அக்கா என்னப் பாத்துப் பழிப்புக் காட்டுது?" என்றார் அந்த அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். "நாக்க உள்ள வை." வைத்தாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நொடியில் அது வெளியே வந்தது. அறைந்தேன்.

"பாப்பா" என்றாய். உன் குரல் அப்போது துணிக்குள்ளிருந்து வருவது போல ஆகியிருந்தது. "பாப்பா, அதுவா வருது."

"அதுவா எப்படி வரும்? நடிக்காத."

நீ சொல்லிவிட்டாய், அக்கா. உனக்குச் சொல்லத் தெரியாது என்று டாக்டர் நினைத்தார், நானும் நினைத்தேன். மூன்றே வார்த்தையில், எந்தப் படித்தவளும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்கிற மாதிரி, சொல்லிவிட்டாய். கேட்டவள் நான்தான். உன் முகம் அசையவில்லை. சிரிப்பும் அழுகையும் அந்த முகத்தைவிட்டுப் போய் நாளாகியிருந்தது. அசையாத முகத்திலிருந்து கண்ணீர் மட்டும் இறங்கி, எச்சிலோடு சேர்ந்து துண்டில் விழுந்தது. நான் துண்டை மாற்றி உன்னைத் திரும்பக் கூடத்துக்கு அழைத்து வந்தேன். அவர்கள் பாட்டு ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறித்துண்டு உன் தொண்டையில் அடைத்துக்கொண்டது. முகம் நீலமாகிவிட்டது. அம்மா முதுகில் அறைந்து அறைந்து அதை வெளியே வரவைத்தாள். மூச்சு சரியாக வரவில்லை என்று ஷமீம் ஆபா ஆட்டோ பிடித்து வந்தார். ஆம்பூரில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே உன்னைப் பார்த்தது ஒரு லேடி டாக்டர். என் வயசுதான் இருக்கும். தொண்டையைப் பார்த்த பிறகு உன் முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கினார், நீட்டினார். அது வழுக்கிக்கொண்டு வராமல் தடைபட்டுத் தடைபட்டு வந்தது. விரல்களை நீட்டச் சொன்னார். எழுந்து நாலடி நடக்கச் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான்" என்றேன்.

ஆமாம், அங்கேயும் அதைத்தான் சொன்னேன்.

அம்மா குறுக்கிட்டாள். "மூணு வருஷமாவுதும்மா. பொறந்ததுலேர்ந்தே இப்படின்னு நெனச்சிடாதீங்க. எம்பொண்ணு நல்லா நடப்பா. பாடுவா."

ஐந்தாம் வகுப்புத் தாண்டாத அம்மா. அவளுக்கும் எல்லாம் தெரிந்தேதான் இருந்தது. படித்த மகள் பார்த்துக்கொள்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உன் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தார். என்னிடம் கேட்காமல் உன்னிடம் கேட்டார். "நாக்கு தானா வருதாம்மா?"

நீ முதலில் என்னைப் பார்த்தாய். பதில் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. எனக்குத் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது. "ஆமா" என்றாய்.

மருந்தால் வந்தது என்று அவர் சொன்னார். தொடக்கத்தில் நீ ஓயாமல் நடந்தது, பிறகு இறுகியது, நடுக்கம், எச்சில், விழுங்க முடியாமை, நாக்கு எல்லாமே. எனக்கு அங்கேயே எல்லா மாத்திரையையும் எடுத்துச் சாக்கடையில் கொட்ட வேண்டும் போலிருந்தது. டக்கென்று நிறுத்தினால் வேறு ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். "இந்த முறை வாரா வாரம் அவங்களையே அழைச்சிட்டு வாங்க" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார். கோபம் எப்போது ஆரம்பித்தது? அப்பா போன பிறகு. அப்பா இறந்தது அவங்களுக்குத் தெரியுமா?

"வெளியூர் போய்ட்டாருன்னு சொல்லிவச்சிருக்கோம்மா" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். அப்பாவின் கல்லைக் காட்டினோம். நீ அதன்மேல் கையை வைத்து, "உள்ளயா?" என்றாய். அம்மா ஆமாம் என்றாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. மாத்திரை குறைந்து குறைந்து மறுவருஷம் நின்றது. அதற்குப் பிறகும் சங்கு தினமும் ஊதியது. நீ வேலையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்பாய். ஒருமுறைகூட வாசலுக்கு ஓடவில்லை. உனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு சொல். அதைச் சொல்லாமல் மூன்று வருஷம் மாத்திரை கொடுத்திருக்கிறோம்.

முகம் திரும்பி வந்தது. கால் திரும்பி வந்தது. பாட்டு அரைகுறையாக வந்தது. நாங்கள் கேட்காமலேயே ஷமீம் ஆபா கூடையைக் கொண்டுவந்து வைத்தார். "பேஜார் புடிச்ச பொண்ணே, உன்னால என் வேல எல்லாம் நின்னுபோச்சு" என்று உன் கன்னத்தைக் கிள்ளினார். நீ சிரித்தாய். நாக்கு மட்டும் நிற்கவேயில்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், இது போகாமலேயே இருந்துவிடலாம் என்று. பஸ்ஸில், கடையில், முன்பின் தெரியாதவர்கள் உன்னைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கெல்லாம் நான் விளக்கம் சொன்னேன். தெரியாதவர்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

தெரிந்தவர்களிடம் சொல்லவில்லை. உன் ஆமென் சபையில் மறுபடி தனியாக ஒலித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வாசலில் ஐயா கேட்டார். "இன்னாம்மா, மறுபடி ஆரம்பிச்சிட்டா? வீட்டுல ஜெபம் கம்மியாய்டுச்சா?"

சுற்றி ஏழெட்டுப் பேர். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஐயா, அன்று நான் சொன்னது சரியில்லை, அவளை அடக்கியது மாத்திரை, அது அவள் உடம்பைக் கெடுத்துவிட்டது, இப்போதுதான் அவள் திரும்பி வந்திருக்கிறாள், இதற்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும். இவ்வளவுதான். நான் சொன்னது இது: "ஆமாங்க ஐயா. ஜெபத்துல நெனச்சுக்குங்க."

அடுத்த வாரத்திலிருந்து உன்னைக் கடைசி பெஞ்சில், கதவோரம் உட்கார வைத்தேன்.

ஆறு வருஷம் கழித்து, நிமோனியாக் காய்ச்சலில் போனாய். அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அடக்க ஆராதனையில் ஐயா உன்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார். கர்த்தரால் சாந்தமாக்கப்பட்ட மகள் என்று, என் சாட்சியை எடுத்து, என்னைவிட அழகாகச் சொன்னார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தேதான் இருந்தேன்.

போன மாதம் ஒன்று நடந்தது. நம் சபை ஸ்டெல்லா அக்காவை உனக்குத் தெரியும், நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருப்பவர். அவர் மகளுக்கு இருபது வயசு, உன்னைப் போலத்தான். ஆராதனை முடிந்து என்னிடம் வந்து, "நீ அன்னிக்கு உங்க அக்காவுக்குச் சொன்ன சாட்சிதாம்மா எனக்குத் தைரியம். இவளும் இப்ப அப்படியே அமைதியாய்ட்டா. வர்ற வாரம் நானும் எழுந்து சொல்லப்போறேன்" என்றார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மடியில் விரலை உருட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் பின்னாலேயே நடந்து அவர்கள் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னேன். முதலிலிருந்து, எதையும் தாண்டாமல். ஸ்டெல்லா அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப அன்னிக்கு கோயில்ல நின்னு நீ பொய்யா சொன்னே?"

"ஆமாக்கா."

"எம்பொண்ணு அமைதியானது உனக்குப் பொறுக்கலியா?"

கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த வீட்டில் சத்தம் நின்றால், ஏன் நின்றது என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை அவர் சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை. புதன்கிழமை என் வேலையிடத்துக்கு போன் செய்தார். "நாளைக்கு வேலூர் போறோம். டாக்டர் கேக்கறதுக்கு எனக்கு சொல்லத் தெரியாது. நீ வர்றியா?" குரலில் கோபம் இருந்தது. போனேன். டாக்டர் அந்தப் பெண்ணின் சீட்டைப் பார்த்துவிட்டு, எப்படி இருக்காங்க என்று எங்களைக் கேட்டார். ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். என் வாயில் அந்தப் பழைய பதில் தயாராக வந்து நின்றது, அக்கா. இத்தனைக்குப் பிறகும். விழுங்கிக்கொண்டு, "அவளையே கேளுங்க டாக்டர். கையை நீட்டச் சொல்லிப் பாருங்க" என்றேன். மாத்திரையை மாற்றி எழுதினார். சரியாகுமா என்று இன்னும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸ்டெல்லா அக்கா தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வரும் என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். என் வாக்கு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் ஆகிவிட்டது. யாரைப் பற்றியும் 'நல்லா இருக்காங்க' என்று சொல்ல என்னால் முடிவதில்லை. இப்போது வீட்டில் நானும் அம்மாவும்தான். வழியில் யாராவது அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டால், காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க, மூணாவது வேண்டாம்னுட்டாங்க, எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிச்சாங்க, போன வாரம் பிடிக்கல என்று ஆரம்பித்துவிடுகிறேன். ஒரு வார்த்தை கேட்டா இன்னா கதை சொல்றா பாரு என்று நகர்ந்துவிடுகிறார்கள். நகரட்டும்.

உன்னைப் பற்றி இப்படி ஒரு வரி, அந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு முறை, டாக்டரிடம் போய் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான், அக்கா.

பாப்பா